கண்ணாடி – திண்மமா? திரவமா?

"கண்ணாடி" என்னும் ஒரே சொல்லை நாம் எத்தனை பொருள்களுக்கு வைத்திருக்கிறோம்! காலையில் முகம் பார்ப்பது கண்ணாடி. பாட்டி மூக்கின் மேல் மாட்டிக்கொண்டு ஜெபப் புத்தகம் வாசிப்பதும் கண்ணாடி. ஜன்னலில் இருப்பது, வளையலாகக் கையில் கலகலப்பது, ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாயாக நிற்பது, ஆலயத்தின் பலகணியில் புனிதர்களின் உருவங்களை வண்ண ஒளியில் காட்டுவது, எல்லாம் கண்ணாடியே. மனிதன் நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இதைச் செய்து பழகியிருக்கிறான். ஆயினும், "கண்ணாடி ஏன் கெட்டியாக இருக்கிறது?" என்று ஒரு சிறுமி கேட்டால், உலகின் தலைசிறந்த இயற்பியல் அறிஞர்களும் இன்றுவரை ஒருமித்த விடை கூற இயலாமல் நிற்கின்றனர்.

இது மிகைப்படுத்திய பேச்சன்று. 1977-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவரான பிலிப் ஆண்டர்சன், திண்மப் பொருள்கள் பற்றிய கோட்பாட்டில் இன்னும் தீராமல் இருக்கும் சிக்கல்களுள் மிக ஆழமானது அநேகமாகக் கண்ணாடியின் இயல்பே என்று 1995-இல் எழுதினார். அப்படி என்ன சிக்கல் இந்தச் சாதாரணப் பொருளில்? வாருங்கள், பார்ப்போம்.

எல்லோரும் கேட்ட ஒரு கதை

கண்ணாடியைப் பற்றி ஒரு கதை உண்டு. வகுப்பறைகளில் சொல்லப்படும் கதை. சில புத்தகங்களிலும் இடம் பெற்ற கதை. ஐரோப்பாவின் பழைய பேராலயங்களில் உள்ள பலகணிக் கண்ணாடிகள் மேலே மெல்லியனவாகவும் அடியில் தடித்தும் இருக்கின்றனவாம். காரணம், கண்ணாடி உண்மையில் திண்மப் பொருளே அன்றாம். மிக மிக மெதுவாக ஓடும் திரவமாம். எண்ணூறு ஆண்டுகளாக அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்நோக்கி வழிந்துவிட்டதாம்!

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. உண்மைதானா? தீர்ப்புச் சொல்லுமுன், கண்ணாடி எவ்வாறு உருவாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு நாம் தொழிற்சாலைக்குப் போக வேண்டியதில்லை; திருவிழாக் கடைத்தெருவுக்குப் போனால் போதும்.

கற்கண்டும் பஞ்சு மிட்டாயும்

கற்கண்டு, பஞ்சு மிட்டாய் இரண்டும் சர்க்கரைதான். ஆனால் செய்யும் முறை வேறு. கற்கண்டு செய்வோர் கெட்டியான பாகில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, நாள் கணக்கில் அசையாமல் வைத்துவிடுகின்றனர். சர்க்கரை மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக வந்து, தத்தம் இடத்தில் வரிசை தவறாமல் அமர்கின்றன. ஆகையால் கற்கண்டுக்கு வழவழப்பான பட்டை முகங்கள் அமைகின்றன. இவ்வாறு ஒழுங்காக அடுக்கப்பட்ட பொருளுக்குப் படிகம் என்று பெயர்.

பஞ்சு மிட்டாய்க்காரரோ சர்க்கரையை உருக்கிச் சுழலவிட்டு, சிறு துளைகளின் வழியே வெளியே வீசுகிறார். வெளிக்காற்றுப் பட்டதும் அது நொடியில் குளிர்ந்து இழையாகிறது. மூலக்கூறுகளுக்கு வரிசையில் நிற்க நேரமே கிடைப்பதில்லை. இருந்த இடத்தில் இருந்தபடியே மாட்டிக்கொள்கின்றன. அந்த மெல்லிய இழை, விஞ்ஞானப் பொருளில், சர்க்கரையால் ஆன கண்ணாடியே!

நம் பள்ளி முற்றத்தையே நினைத்துப் பாருங்கள். காலை வழிபாட்டு மணி அடித்ததும் வகுப்பு வாரியாக, உயர வாரியாக நாம் அணிவகுத்து நிற்கிறோம் அல்லவா? அது படிகம். இடைவேளையில் ஓடியாடிக்கொண்டிருப்பது திரவம். அப்போது ஒருத்தி திடீரென்று "ஸ்டாச்சு!" என்று கத்த, எல்லோரும் நின்ற நிலையிலேயே சிலையாகிவிட்டால், அதுதான் கண்ணாடி.

ஜன்னல் கண்ணாடிக்கும் இதே கதைதான். மணலோடு சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து உருக்கிக் குளிர வைக்கின்றனர். மணலில் உள்ள ஒவ்வொரு சிலிக்கன் அணுவையும் நான்கு ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்திருக்கும். இந்தச் சிறு கூட்டங்கள் ஒன்றோடொன்று கைகோத்து வலை போலப் பின்னுகின்றன. படிகத்தில் அந்த வலை ஒரே சீரான கோலம். கண்ணாடியிலோ, அருகில் பார்த்தால் ஒழுங்கு. சற்றுத் தள்ளிப் பார்த்தால் கோணல்மாணல். நார்வே நாட்டில் பிறந்த வில்லியம் சக்காரியாசன் 1932-இல் வரைந்து காட்டிய இந்தச் சித்திரம் இன்றும் பாடநூல்களில் உள்ளது.

இப்போது புதிரின் மையத்திற்கு வந்துவிட்டோம். முற்றத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை ஒரு புகைப்படமும், "ஸ்டாச்சு" சொன்ன பிறகு மற்றொரு புகைப்படமும் எடுத்தால், எது ஓடும்போது எடுத்தது, எது நின்றபோது எடுத்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? கண்ணாடியிலும் அப்படியே. எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் பார்த்தால், உருகிய நிலையில் அணுக்கள் அமைந்திருக்கும் விதமும் இறுகிய பின் அமைந்திருக்கும் விதமும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்று ஓடுகிறது, மற்றது உடைகிறது. அமைப்பில் பெரிய மாற்றம் இல்லாதபோது, நடத்தையில் இவ்வளவு பெரிய மாற்றம் எங்கிருந்து வந்தது?

தண்ணீர் உறைவது வேறு, கண்ணாடி இறுகுவது வேறு

தண்ணீர் பூஜ்யம் டிகிரி சென்டிகிரேடில் உறைகிறது. அதற்கு ஒரு டிகிரி மேலே இருந்தால் ஓடும் நீர், கீழே பனிக்கட்டி. கண்ணாடிக்கு இத்தகைய திட்டவட்டமான உறைநிலை இல்லை. குளிரக் குளிர அது பாகு போலத் தடிக்கிறது. பின் களி போல ஆகிறது. பின் மெழுகு போல வளைகிறது. இறுதியில் கல் போல இறுகுகிறது. இடையில் "இதோ, இந்தக் கணத்தில் உறைந்தது" என்று கோடு கிழிக்க முடியாது. கண்ணாடி ஊதும் தொழிலாளி பிழைப்பதே இதனால்தான். சட்டென்று உறையும் பொருளாக இருந்தால், குழலில் ஊதிக் குடுவை செய்ய அவருக்கு அவகாசம் ஏது?

ஒரு திரவம் ஓடத் தயங்கும் தன்மையைப் பாகுநிலை என்கிறோம். தண்ணீரின் பாகுநிலையை ஒன்று என்று வைத்துக்கொண்டால், தேனின் பாகுநிலை பல ஆயிரம். உருகிய கண்ணாடி குளிரும்போது இந்த எண் ஏறிக்கொண்டே போய், 1-க்குப் பின் 15 சுழிகள் இட வேண்டிய அளவை எட்டும்போது, அதாவது தண்ணீரைப்போல் பத்துக் கோடி கோடி மடங்கு ஆகும்போது, "இனி இதைக் கண்ணாடி என்று சொல்லலாம்" என விஞ்ஞானிகள் தங்களுக்குள் ஒரு வரம்பு வைத்துள்ளனர். சாதாரண ஜன்னல் கண்ணாடிக்கு இது ஏறத்தாழ 550 டிகிரி சென்டிகிரேடில் நிகழ்கிறது.

இதிலும் ஒரு விந்தை உண்டு. மெதுவாகக் குளிர வைத்தால் இன்னும் சற்றுக் குறைந்த வெப்பநிலையில் இறுகி, சற்று அடர்த்தியான கண்ணாடி கிடைக்கும். வேகமாகக் குளிர வைத்தால் முன்னதாகவே இறுகி, அடர்த்தி குறைந்த கண்ணாடி கிடைக்கும். கற்கண்டு எங்கு செய்தாலும் அதன் உள் அடுக்கு ஒன்றே. கண்ணாடியோ தான் வளர்ந்த விதத்தைத் தன் உடம்பில் எழுதி வைத்துக்கொள்கிறது!

கதையைச் சோதிப்போம்

இனி பேராலயப் பலகணிக்குத் திரும்புவோம். அறையின் வெப்பநிலையில் அந்தக் கண்ணாடி ஓடுமா? ஓடும் என்றால் எவ்வளவு?

பிரேசில் நாட்டு விஞ்ஞானி எட்கர் சனோட்டோ 1998-இல் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார். கண்ணில் படும் அளவுக்குக் கண்ணாடி வழிய வேண்டுமானால், இப்பிரபஞ்சத்தின் வயதைவிடப் பன்மடங்கு காலம் வேண்டும் என்று அவர் கண்டார். பின்னர் 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்துப் பழங்கண்ணாடியின் அதே கலவையில் புதுக்கண்ணாடி செய்து சோதித்தனர். அது முன்பு எண்ணியதைவிட எளிதில் ஓடக்கூடியதுதான். ஆயினும் அறை வெப்பநிலையில் நூறு கோடி ஆண்டுகள் வைத்திருந்தாலும், அது வழியும் தூரம் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர்! ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் நானோமீட்டர். எண்ணூறு ஆண்டுகளில் என்ன வழிந்திருக்கும்? நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் அடிப்பகுதி தடித்திருப்பது எப்படி? விடை எளிது. அக்காலத்தில் சமமான தகடாகக் கண்ணாடி செய்ய இயலவில்லை. ஊதிய கண்ணாடிக் குமிழைத் திறந்து, வேகமாகச் சுழற்றித் தட்டாக விரியச் செய்வது ஒரு முறை. அந்தத் தட்டு நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும். அதிலிருந்து வெட்டிய துண்டுகள் ஒரு பக்கம் தடித்திருப்பது இயல்பே. தடித்த பக்கத்தை அடியில் வைத்துப் பொருத்தினால் உறுதியாக நிற்கும். தடித்த பக்கம் மேலே இருக்கும்படி பொருத்தப்பட்ட பழங்கண்ணாடிகளும் உண்டு. அவை மேல்நோக்கியா வழிந்திருக்கும்?

இன்னொரு சான்று எகிப்தில் உள்ளது. 1922-இல் கண்டுபிடிக்கப்பட்ட துத்தன்காமன் அரசனின் கல்லறையில் ஒரு மார்பணி கிடைத்தது. அதன் நடுவே வண்டு வடிவில் பதிக்கப்பட்டிருப்பது லிபியப் பாலைவனத்தில் கிடைக்கும் இயற்கைக் கண்ணாடி. கலைஞன் அதைச் செதுக்கி மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்தக் கண்ணாடி தோன்றியோ ஏறத்தாழ 290 லட்சம் ஆண்டுகள். வண்டின் உருவம் இன்னும் கலையவில்லை.

ஆக, பலகணிக் கதை தவறு. ஆனால் கதை தவறு என்பதால் கேள்வி தீர்ந்துவிட்டதா? இல்லை. ஓடாத பொருள் ஏன் ஓடவில்லை என்பதே உண்மையான கேள்வி.

சொட்டுக்காகக் காத்திருந்தவர்

மெய்யாகவே மெதுவாக ஓடும் திரவம் ஒன்றைக் காண வேண்டுமானால் ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும். பிரிஸ்பேன் நகரிலுள்ள குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் என்னும் பேராசிரியர் 1927-இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். தார் போன்ற கீல் என்னும் பொருளைச் சூடாக்கி, அடி மூடிய புனல் ஒன்றில் ஊற்றினார். சுத்தியலால் அடித்தால் கல்லைப் போல நொறுங்கும் பொருள் அது. மூன்று ஆண்டுகள் படிய விட்டு, 1930-இல் புனலின் அடியை வெட்டித் திறந்தார்.

முதல் சொட்டு விழ எட்டு ஆண்டுகள் ஆயின! 2014 வரை விழுந்தவை மொத்தம் ஒன்பதே சொட்டுகள். கணக்கிட்டபோது, கீலின் பாகுநிலை தண்ணீரைப்போல் 23,000 கோடி மடங்கு என்று தெரிந்தது.

பார்னெலுக்குப் பின் ஜான் மெயின்ஸ்டோன் என்பவர் 1961 முதல் இச்சோதனையைக் காத்துவந்தார். 1988-இல் ஒரு சொட்டு விழும் தறுவாயில், குடிக்க ஏதாவது வாங்கிவர ஐந்து நிமிடம் வெளியே சென்றார், அதற்குள் விழுந்துவிட்டது. 2000-இல் படக்கருவி வைத்துக் காத்திருந்தார். அந்நேரம் பார்த்து அது பழுதாகிவிட்டது. 2013-இல் அவர் காலமாகும் வரை ஒரு சொட்டுக்கூட விழக் கண்டதில்லை. ஐம்பத்திரண்டு ஆண்டுக் காத்திருப்பு! பொறுமைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

தெபோராவின் பெயரால் ஓர் எண்

கீல், சுத்தியலுக்குக் கல், ஆண்டுகளுக்குத் திரவம். எனவே "இது திண்மமா, திரவமா?" என்று கேட்பவர், "எவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருப்பாய்?" என்ற எதிர்க்கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

இந்தக் கருத்துக்கு ஓர் எண்ணை வகுத்து, 1964-இல் அதற்குப் பெயர் சூட்டியவர் மார்க்கஸ் ரெய்னர் என்னும் அறிஞர். அவர் வைத்த பெயர் நமக்குப் பழக்கமானது: தெபோரா எண்! நீதித் தலைவர்கள் நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் இறைவாக்கினரான அதே தெபோராதான். அவர் பாடிய வெற்றிப் பாடலில், ஆண்டவரின் திருமுன் மலைகளும் பெருகி ஓடியதாகக் கூறப்படுகிறது. மனிதனின் குறுகிய ஆயுளில் மலை அசையாதது. முடிவில்லாத காலம் பார்த்திருப்பவருக்கோ மலையும் ஓடுவதே என்று ரெய்னர் இதற்கு விளக்கம் தந்தார்.

கணக்கு எளியது. ஒரு பொருளின் உள்ளே உள்ள துகள்கள் தம்மைத் தாமே மாற்றி அமைத்துக்கொள்ளத் தேவைப்படும் காலத்தை, நாம் பார்த்துக்கொண்டிருக்கும் காலத்தால் வகுக்க வேண்டும். விடை மிகச் சிறியதாக வந்தால் திரவம். மிகப் பெரியதாக வந்தால் திண்மம். தண்ணீருக்கு அது சுழியை நெருங்கும். ஜன்னல் கண்ணாடிக்கு எண்ணிப் பார்க்க இயலாத பேரெண். ஆகவே மனிதர் வாழும் காலக்கணக்கில் கண்ணாடி திண்மமே; இதில் ஐயம் வேண்டாம்.

நெரிசலில் அகப்பட்ட அணுக்கள்

சரி, குளிரும்போது துகள்களின் ஓட்டம் ஏன் இவ்வளவு மந்தமாகிறது? தேர்த் திருவிழாக் கூட்டத்தில் நின்றிருக்கிறீர்களா? கூட்டம் குறைவாக இருந்தால் எங்கும் நடக்கலாம். நெரிசல் கூடினால் முன்னும் பின்னும் அக்கம்பக்கத்தார் நம்மை அடைத்துக்கொள்வர். நின்ற இடத்தில் சற்று அசையலாம். ஆனால் இடம் மாற முடியாது. அணுவுக்கும் இதே கதி. ஒவ்வோர் அணுவும் தன் அண்டை அணுக்களால் ஆன கூண்டுக்குள் அகப்பட்டுத் துடிக்கிறது. அந்த அண்டை அணுக்களும் தத்தம் கூண்டில் கைதிகளே!

நெரிசலில் ஒருவர் நகர வேண்டுமானால், பக்கத்தில் ஐந்து பேர், பத்துப் பேர் ஒத்துழைத்துச் சேர்ந்து நகர வேண்டும். கெரோல்ட் ஆடம், ஜூலியன் கிப்ஸ் என்னும் இருவரும் 1965-இல் இக்கருத்தைக் கோட்பாடாக வகுத்தனர். வெப்பம் குறையக் குறைய, சேர்ந்து நகர வேண்டிய கூட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது. பெரிய கூட்டம் ஒருமித்து நகர நெடுங்காலம் பிடிக்கிறது என்றனர். 2000-ஆம் ஆண்டளவில், திரவத்தில் மிதக்கும் நுண்ணிய உருண்டைகளைச் சிறப்பு நுண்ணோக்கிகளால் கவனித்தவர்கள், ஓரிடத்தில் உருண்டைகள் கூட்டாக நகர்வதையும் பக்கத்திலேயே மற்றவை அசையாமல் நிற்பதையும் நேரில் கண்டனர்.

எங்கே தொடங்குகிறது வழக்கு?

இதுவரை பெரும்பாலோர் ஒத்துக்கொள்வர். இனிமேல்தான் கருத்து வேறுபாடு.

வால்ட்டர் காஸ்மன் என்னும் அமெரிக்க வேதியியலார் 1948-இல் ஒரு விசித்திரத்தைச் சுட்டிக்காட்டினார். துகள்கள் எத்தனை விதமாக அமைய முடியும் என்பதை அளக்கும் எண்ணுக்கு என்ட்ரோபி என்று பெயர். ஒழுங்கின்மையின் அளவு என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். படிகத்தைவிடத் திரவத்துக்கு இது அதிகம். ஆனால் உறையாமல் குளிரும் திரவத்தில் இது விரைவாகக் குறைகிறது. அதே போக்கு நீடித்தால், ஒரு வெப்பநிலையில் திரவமும் படிகமும் சமமாகிவிடும். அதற்கும் கீழே போனால், கலைந்து கிடக்கும் திரவம் அணிவகுத்து நிற்கும் படிகத்தைவிட ஒழுங்கானது என்று சொல்ல நேரிடும்! இது பொருந்தாத முடிவல்லவா? நடைமுறையில் அந்த வெப்பநிலையை எட்டுமுன்பே திரவம் கண்ணாடியாக இறுகி, இந்தச் சங்கடத்திலிருந்து தப்பித்துக்கொள்கிறது.

இதிலிருந்து இரு கட்சிகள் தோன்றின. ஒரு கட்சியினர், "முடிவின்றிப் பொறுமையாகக் குளிர வைத்தால், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் திரவம் உண்மையாகவே புதியதொரு நிலையை அடையும், நாம் காணும் கண்ணாடி அதன் நிழல்" என்கின்றனர். 1980-களின் இறுதியில் கிர்க்பாட்ரிக், திருமலை, வோலின்ஸ் ஆகிய மூவர் இவ்வழியில் விரிவான கோட்பாடு ஒன்றைக் கட்டினர். மறு கட்சியினர், "புதிய நிலை ஏதும் இல்லை, நெரிசலும் மந்தமும் மட்டுமே உண்டு" என்கின்றனர்.

இதைப் புரிந்துகொள்ள மலைத்தொடர் ஒன்றைக் கற்பனை செய்யலாம். துகள்கள் அமையக்கூடிய ஒவ்வொரு விதமும் அந்நிலப்பரப்பில் ஒரு புள்ளி. சக்தி மிகுந்த அமைப்புகள் சிகரங்கள், குறைந்தவை பள்ளத்தாக்குகள். சூடான திரவம் சிகரங்களுக்கு மேலே பறக்கும் பறவை. குளிர்ந்த திரவம் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு ஏறி இறங்கும் நடைப்பயணி. கண்ணாடியோ ஏதோ ஒரு பள்ளத்தாக்கில் சிக்கி, வெளியே வர வழியறியாது நிற்பவர். படிகம் எல்லாவற்றிலும் ஆழமான பள்ளத்தாக்கு. அங்கே போகும் பாதையை அவர் தவறவிட்டுவிட்டார். பின்னாளில் பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஸ்ரீகாந்த் சாஸ்திரி, அமெரிக்க அறிஞர் இருவருடன் சேர்ந்து, திரவம் குளிரும்போது இந்நிலப்பரப்பின் எந்த உயரங்களில் உலவுகிறது என்பதைக் கணிப்பொறியின் துணையால் 1998-இல் காட்டினார்.

எந்தக் கட்சி சரி? காலம்தான் தடை. உண்மையைக் காணுமளவு மெதுவாகக் குளிர வைக்க எவருக்கும் ஆயுள் போதாது. ஆகவே விஞ்ஞானிகள் இயற்கையே காத்திருந்து செய்துவைத்த கண்ணாடியைத் தேடினர். மரப்பிசின் இறுகிய அம்பர் அத்தகையது. கிரெகரி மெக்கென்னாவும் அவர் குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு கோடி ஆண்டு வயதான அம்பரைச் சோதித்தனர். குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையில் துகள்களின் மந்தம் எல்லையின்றிப் பெருகிவிடும் என்ற எதிர்பார்ப்புக்கு அதில் ஆதரவு கிடைக்கவில்லை. இது இரண்டாம் கட்சிக்குச் சாதகமாகத் தோன்றினாலும், வழக்கு இன்னும் முடியவில்லை.

மூன்று தோழியரும் ஒரு நோபல் பரிசும்

ஒரு விளையாட்டுக்கு வகுப்பை இரு அணிகளாகப் பிரிக்க வேண்டும். மூன்று மாணவியர், ஒருவருக்கொருவர் போட்டியாளர். எந்த இருவரும் ஒரே அணியில் இருக்க விரும்பவில்லை. என்ன செய்வீர்கள்? எப்படிப் பிரித்தாலும் ஒரு ஜோடி ஓரணியில் சேர்ந்தே தீரும். எல்லோர் விருப்பமும் ஒருங்கே நிறைவேறாத நிலை இது. செம்பில் சிறிதளவு மாங்கனீசு கலந்தால், அதிலுள்ள அணுக்களாகிய நுண்காந்தங்கள் இத்தகைய சங்கடத்தில் மாட்டிக்கொள்கின்றன. எத்திசை நோக்குவது என்று முடிவுகாண இயலாமல், கோணல்மாணலாகவே நின்றுவிடுகின்றன. இதற்கும் ஒருவகைக் கண்ணாடி என்றே பெயர்: காந்தச்சுழற்சிக் கண்ணாடி.

ரோம் நகரில் பிறந்த ஜார்ஜோ பரிசி 1979-இல் இதற்குத் தீர்வு கண்டார். சம அளவு நல்லவையான எண்ணற்ற அமைப்புகள் உண்டு என்றும், அவை கிளைக்குள் கிளையாக, ஒரு குடும்ப வழிமுறை போலத் தொடர்புற்றவை என்றும் தெரியவந்தது. இத்தகைய பணிக்காக 2021-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசில் பாதி அவருக்கு வழங்கப்பட்டது. பின்னர் அவரும் தோழர்களும், பரிமாணங்கள் எல்லையற்றுப் பெருகிய ஒரு கற்பனை உலகில் கண்ணாடி எவ்வாறு நடக்கும் என்பதைத் துல்லியமாகக் கணித்தனர். நாம் வாழ்வதோ மூன்று பரிமாண உலகில். இங்கு அக்கணக்கு எவ்வளவு பொருந்தும் என்பதே இன்றைய ஆராய்ச்சி.

யாருக்கும் பயன்படாது என்று தோன்றிய இக்கணிதம் எங்கெல்லாம் சென்றது தெரியுமா? 1982-இல் ஜான் ஹாப்ஃபீல்டு, நினைவாற்றலுக்கு ஒரு மாதிரியை இந்தக் காந்தங்களைப் போன்றே அமைத்தார். இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு வித்திட்ட பணிகளுள் ஒன்றான அதற்காக, 2024-இல் ஜெஃப்ரி ஹின்டனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அப்பளத்திலிருந்து கல்பாக்கம் வரை

"இதனால் நமக்கு என்ன?" என்று சில பெற்றோர் கேட்கலாம். மழைக்காலத்தில் பொரித்த அப்பளம் ஏன் நமத்துப் போகிறது? மொறுமொறுப்பாக இருக்கும்போது அதன் மாவுப்பொருள் கண்ணாடி நிலையில் உள்ளது. காற்றின் ஈரம் உள்ளே புகுந்ததும், நீர் மூலக்கூறுகள் இடைவெளி உண்டாக்கி, நெரிசலைத் தளர்த்திவிடுகின்றன, கண்ணாடி குழைகிறது. பஞ்சு மிட்டாய் சுருங்கிப் பிசுபிசுப்பதும் இதனால்தான்.

உழவர் வீட்டில் விதை நெல்லை நன்றாகக் காயவைத்துப் பத்திரப்படுத்துவது ஏன்? உலர்ந்த விதையின் உயிரணுவுக்குள் இருக்கும் பொருள்கள் கண்ணாடியாக இறுகி, கெடுக்கும் மாறுதல்களை மந்தமாக்குகின்றன. உயிர் உறங்குகிறது, ஈரம் பட்டதும் விழிக்கிறது. விதையில் ஈரம் ஏறி, வெப்பமும் சேர்ந்தால் அதன் ஆயுள் குறையும் என்று நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்ததற்கு விஞ்ஞானம் இன்று காரணம் சொல்கிறது. உலர்த்திய தடுப்பு மருந்துகள் சிலவும் சர்க்கரைக் கண்ணாடிக்குள் பொதிந்தே காக்கப்படுகின்றன.

இவற்றைவிடப் பெரிய பொறுப்பு ஒன்றும் உண்டு. அணுசக்தி நிலையங்களின் கொடிய கதிரியக்கக் கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, உருக்கு உருளைகளில் அடைத்து வைக்கின்றனர். நம் நாட்டில் தாராப்பூர், டிராம்பே, நம் கல்பாக்கம் ஆகிய இடங்களில் இதற்கான நிலையங்கள் உள்ளன. அந்தக் கண்ணாடி பல ஆயிரம் ஆண்டுகள் தான் ஏற்றதை விடாமல் காக்க வேண்டும். அத்தனை ஆண்டுகள் காத்திருந்து சோதிக்க எவராலும் இயலாது. கோட்பாட்டை நம்பியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இன்னும் பிறவாத தலைமுறைகளின் நலம் இந்த அறிவைச் சார்ந்திருக்கிறது என்றால், கண்ணாடியைப் பற்றிய கேள்வி வெறும் பொழுதுபோக்காகுமா?

அன்பு மாணவியரே! இனி யாரேனும் பலகணிக் கண்ணாடி வழிந்த கதையைச் சொன்னால், பணிவோடு மறுத்துச் சொல்லுங்கள், கணக்கையும் காட்டுங்கள். அதோடு நிறுத்திவிடாமல், தீராத அந்தப் பெரிய கேள்வியையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாடநூலில் விடையுள்ள கேள்விகளுக்கு மதிப்பெண் கிடைக்கும். விடை இன்னும் எழுதப்படாத கேள்விகளுக்கு உழைப்பும் பொறுமையும் வேண்டும். ஒரு சொட்டுக்காக ஐம்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்தவரை மறவாதீர்கள். கண்ணாடியின் வழக்கில் தீர்ப்பு எழுதும் இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. அதை நிரப்பும் கை உங்களுள் ஒருத்தியின் கையாக ஏன் இருக்கக் கூடாது?